ஏக்கர், பட்டாவில் வரும் "ஏர்", ஏர்க்கலப்பை: மூன்றும் ஒரே சொல்லா?

கேள்வி: வயல்வரப்பு

வணக்கம். சேரன்மகாதேவி வட்டத்தில் உள்ள ஒரு நன்செய் வயல் சம்பந்தமாக இரண்டு கேள்வி. ஒன்று சொல்லைப் பற்றியது, இன்னொன்று கணக்கைப் பற்றியது. இரண்டும் ஒரே முடிச்சில் கிடப்பதுபோல் தெரிவதால் சேர்த்தே கேட்கிறேன்.

1938ஆம் வருசத்துக் கிரயப் பத்திரத்தில் "ஒரு கோட்டை இரண்டு மரக்கால் விதைப்பாடு" என்று இருக்கிறது. பழைய சர்வே நம்பரும் நாலு மாலும் (நாலு பக்க எல்லை) எழுதியிருக்கிறார்கள். ஏக்கர், சென்ட் எதுவும் இல்லை. இப்போதைய பட்டாவில் பரப்பு என்ற கட்டத்துக்கு மேலே "ஹெக் - ஏர்" என்று போட்டு, கீழே 0 - 72.50 என்று இருக்கிறது. வாங்க வந்தவர் அதை எழுபத்திரண்டரை சென்ட் என்று வாசிக்கிறார். பக்கத்து வயல்காரரோ, கோட்டை என்றாலே ஒன்றரை ஏக்கருக்கு மேல் வரும் என்கிறார்.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. "ஏர் என்ற தமிழ்ச் சொல்தான் இங்கிலீஷில் ஏக்கர் ஆனது. பட்டாவில் ஏர் என்றே எழுதியிருப்பது அதற்குச் சாட்சி" என்று. இது சரியா? ஏக்கர் என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது? வயல் எத்தனை சென்ட்?


பதில்: சொல்வேர்

பட்டாவில் இருக்கும் ஏர் வேறு, கலப்பை பூட்டுகிற ஏர் வேறு, ஏக்கர் வேறு. மூன்றும் மூன்று குடும்பத்துச் சொற்கள். தமிழ் எழுத்தில் அருகருகே வந்து உட்கார்ந்ததால் உறவு போலத் தெரிகின்றன. 72.50ஐ சென்ட் என்று மட்டும் வாசிக்க விடாதீர்கள். கணக்கை அளவு தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

ஏக்கர் அசல் பழைய ஆங்கிலச் சொல். ஏறக்குறைய 1100க்கு முந்தைய ஆங்கிலத்தில் அதை "ஆக்கெர்" என்பதை ஒட்டி, ஆனால் முதல் உயிரைக் குறிலாக, அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் வைத்து ஒலித்தார்கள். அன்றைக்கு அதன் பொருள் வயல், திறந்தவெளி நிலம். அளவு அதற்குள் இல்லை. ஒருவனுடைய "ஆக்கெர்" எவ்வளவு என்று கேட்டால், எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு என்பதுதான் பதில். ஜெர்மனில் இன்றும் "ஆக்கர்" என்றால் உழுகிற வயல்தான், அளவு கிடையாது.

இதன் உடன்பிறப்புகள் லத்தீனில் "அகெர்", கிரேக்கத்தில் "அக்ரோஸ்", சமஸ்கிருதத்தில் "அஜ்ர". எல்லாவற்றுக்கும் வயல் அல்லது வெளி என்ற பொருள். அக்ரிகல்ச்சர் என்று நாம் தினமும் சொல்வதில் இருக்கிற "அக்ரி" அந்த லத்தீன் சொல்தான். இங்கே கவனிக்க வேண்டியது நடுவில் நிற்கிற மெய். லத்தீனில் "க" மென்மையாக, கங்கை என்பதன் முதல் ஒலி போல வருகிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் வல்லின "க்". சமஸ்கிருதத்தில் "ஜ". இது ஒரு சொல்லில் தற்செயலாக நேர்ந்ததில்லை. முழங்காலுக்கு லத்தீனில் "கெனு", ஆங்கிலத்தில் "நீ" (முன்னால் இருந்த "க்" ஒலி தேய்ந்துபோய் எழுத்தில் மட்டும் நிற்கிறது), சமஸ்கிருதத்தில் "ஜானு". ஆஜானுபாகு என்கிறோமே, முழங்கால் வரை நீண்ட கையுடையவன் என்று, அந்த ஜானு. கெனு, நீ, ஜானு என்ற வரிசை எப்படி நிற்கிறதோ, அகெர், ஏக்கர், அஜ்ர என்ற வரிசையும் அப்படியே நிற்கிறது. சொல்லுறவை இப்படித்தான் சோதிப்பார்கள். ஒரே ஒரு சொல் காதுக்கு ஒத்துப்போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வரிசை வரிசையாக, ஒரே விதியில் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது தமிழ் "ஏர்" என்பதை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ககரமே இல்லை. "கர்" எங்கிருந்து ஒட்டியது என்று கேட்டால் அந்த வாட்ஸ்அப் செய்தியில் விடை இருக்காது. நம் ஏருக்குச் சொந்தக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மலையாளத்தில் ஏர், கன்னடத்தில் ஏர், தெலுங்கில் ஏரு. மாடு பூட்டி உழவுக்கு ஆயத்தமான கலப்பை என்ற பொருள் அவற்றிலும் உண்டு. பொன்னேர் பூட்டுவது என்று சித்திரை முதல் நாளில் சொல்லும்போது கலப்பை, நுகம், மாடு மூன்றும் சேர்ந்ததுதான் ஏர். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது செய்தது இந்த வேலைதான்: முதலில் அக்கம்பக்கத்து உறவுமொழிகளோடு வைத்துப் பார்ப்பது. நெல்லைச் சீமையில் நின்றுகொண்டு இந்த முறையை மறக்கக் கூடாது.

ஒலி ஒற்றுமை தேடுகிறவர்களுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் உழுவதற்கு "எரியன்" என்று ஒரு வினை இருந்தது. லத்தீனில் அது "அராரே". 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில்கூட உழவு என்ற பொருளில் அந்த வினையிலிருந்து வந்த பழஞ்சொல் இருக்கிறது. நம் ஏருக்குக் காதில் அண்மையாக ஒலிப்பது இதுதான். ஆனால் ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தச் சொல்லும் ஏக்கரும் வேறு வேறு வேர். அதனால் இதைக் காட்டியும் ஏக்கரை ஏரோடு கட்ட முடியாது.

சரி, "அகெர்" என்பதற்கு அடியில் என்ன வேர்? "அக்" என்ற வினை, ஓட்டு என்று பொருள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற வெளி முதலில், உழுகிற வயல் பிறகு என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். நாமும் மாட்டை ஓட்டுகிறோம், ஏரையும் ஓட்டுகிறோம். ரோமர்களிடம் "ஆக்டுஸ்" என்று ஒரு நீள அளவு இருந்தது, 120 ரோம அடி. மாடு ஒரே மூச்சில் ஓட்டப்படுகிற தூரம். அதுவும் இதே வினையிலிருந்து பிறந்ததுதான்.

வயல் என்ற சொல் எப்படி அளவாயிற்று என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு நாளில் ஒரு ஏர் உழுது முடிக்கிற வயல், ஒரு ஏக்கர் வேலை. அந்த நாட்டுக் கனத்த கலப்பையை எட்டு மாடு வரை பூட்டி இழுப்பார்கள். வரப்பு முனையில் அத்தனை மாட்டையும் திருப்புவது பெரும்பாடு. அதனால் திருப்பம் குறையும்படி வயலை நீள நீளப் பட்டையாக வைத்துக்கொண்டார்கள். மாடு இளைப்பாறாமல் இழுக்கிற தூரம் 220 கெஜம். பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் "உழவுசால் நீளம்". அதுதான் பர்லாங்கு. மைலுக்கு எட்டு பர்லாங்கு என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பர்லாங்கு கலப்பைச் சாலிலிருந்து வந்த சொல். பட்டையின் அகலம் 22 கெஜம். 220ஐ 22ஆல் பெருக்கினால் 4,840 சதுர கெஜம், இன்றைய ஏக்கர். நம் நாட்டுக் கலப்பை இரண்டு மாட்டோடு நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இங்கே வயல் கட்டம் கட்டமாகவும் அங்கே பட்டை பட்டையாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்பது அங்குல அகலத்தில் சால் போட்டால் 22 கெஜத்துக்கு 88 சால். ஒரு சாலுக்கு ஒரு பர்லாங்கு. ஆக ஒரு ஏக்கர் உழ ஏர்க்காரன் 11 மைல் நடக்க வேண்டும், திருப்பம் தனி. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குக் கலப்பையைப் பிடித்துக்கொண்டே நடப்பதுபோல.

முதலில் மண்ணைப் பொறுத்து இந்த அளவு ஆடிக்கொண்டுதான் இருந்தது. களிமண்ணில் சிறிய ஏக்கர், பொலபொலவென்ற மண்ணில் பெரிய ஏக்கர். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு காலத்தில் 40 கோல் நீளம், 4 கோல் அகலம் என்று சட்டம் நிறுத்தியது. ஒரு கோல் 16½ அடி. ஆனாலும் கோலின் நீளம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாக இருந்ததால் ஏக்கரும் மாறியது. அயர்லாந்தில் கோல் 7 கெஜம், அதனால் ஏக்கர் 7,840 சதுர கெஜம். இங்கிலாந்துக்குள்ளேயே செஷயர் பக்கம் கோல் 8 கெஜம், ஏக்கர் 10,240. சட்டம் சொன்ன ஏக்கரைவிட இரண்டு பங்குக்கும் மேல்! நம் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் என்று கோலின் நீளத்தையும் சேர்த்தே சொல்லியிருப்பது எதற்காக என்று இதைப் பார்த்தால் விளங்கும். 1824ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகுதான் 4,840 பொது அளவாக நின்றது.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இன்று எழுதுகிற வடிவம் பிரெஞ்சு, லத்தீன் எழுத்தர்கள் "அக்ரா" என்று எழுதிய பழக்கத்தால் வந்தது. நாம் காதால் கேட்டு இரட்டைக் ககரம் போட்டு ஏக்கர் என்று எழுதினோம், ஒற்றைக் ககரம் போட்டால் மென்மையாகிவிடும் என்பதால். அதனால் பழைய "ஆக்கெர்" என்ற இரண்டு அசை வடிவத்துக்கு இன்றைய ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துத்தான் அருகில் நிற்கிறது.

பட்டாவின் "ஏர்" பிரான்சில் 1795இல் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது வைத்த பெயர். லத்தீன் "ஆரெயா" என்பதிலிருந்து எடுத்தது. அதற்கு வெற்றிடம் என்று பொருள், நெல்லடிக்கிற களம் என்றும் பொருள். பிரெஞ்சில் "ஆர்" என்று ஒலிக்கும். ஆங்கில வழியாக வந்ததால் இங்கே ஏர், ஏர்ஸ் என்று ஆகிவிட்டது. ஹெக்டேர் என்பதில் முதல் பாதி கிரேக்கத்தில் நூறு. நூறு ஏர் ஒரு ஹெக்டேர்.


பதில்: சங்கிலிக்கணக்கு

வயல்வரப்பு அண்ணாச்சி, முதலில் பட்டா. 0 - 72.50 என்றால் 0 ஹெக்டேர், 72.50 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆக ஒரு ஏர் 2.471 சென்ட். 72.50 பெருக்கல் 2.471 = 179.15. உங்கள் வயல் 1 ஏக்கர் 79 சென்ட். வாங்க வந்தவர் வாசித்தபடி விலை பேசினால் ஒரு ஏக்கருக்கு மேல் கணக்கில் வராமல் போய்விடும்.

இந்தத் தவறு அடிக்கடி நடப்பதற்குக் காரணம், இரண்டு முறையிலும் "நூறு" இருப்பதுதான். 100 சென்ட் ஒரு ஏக்கர், 100 ஏர் ஒரு ஹெக்டேர். கண் பழகின எண்ணைப் பழகின அலகாகவே வாசித்துவிடும். தலைகீழாகவும் நடக்கும்: 50 சென்ட் என்று கேள்விப்பட்டு 0 - 50.00 என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுவார்கள். அது 123½ சென்ட் ஆகிவிடும். சரியானது 0 - 20.23. இன்னொன்று, 0 - 07.50 என்பதில் இருக்கிற சுழியை விட்டுவிட்டு 75 என்று வாசிப்பது. ஏழரை ஏர் 18½ சென்ட், எழுபத்தைந்து ஏர் 185 சென்ட். பட்டா நகலில் மை மங்கியிருந்தால் இணையத்தில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சதுர அடியில் வேண்டுமானால் சென்ட்டுக்கு 435.6, ஏருக்கு 1,076.4, ஏக்கருக்கு 43,560. சிலர் 435 என்று வெட்டிவிடுகிறார்கள். மனைக்கு அது பரவாயில்லை. ஏக்கர் கணக்கில் வெட்டினால் ஏக்கருக்கு 60 சதுர அடி குறையும்.

இந்த 43,560 என்ற கோணல் எண் எப்படி வந்தது என்பது சொல்வேர் எழுதியதிலேயே இருக்கிறது. 660 அடி நீளம், 66 அடி அகலம். அந்த 66 அடியைத்தான் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் சங்கிலியாக்கினார். 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி, கண்ணிக்கு 7.92 அங்குலம். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு ஏக்கர் 1,00,000 சதுரக் கண்ணி, ஒரு சென்ட் 1,000 சதுரக் கண்ணி. பழைய புலப்படத்தில் (வயலின் சர்வே வரைபடம்) அளவு "லிங்க்ஸ்" என்று போட்டிருந்தால் அதை அடியாக மாற்றவே வேண்டாம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வையுங்கள், சென்ட் வந்துவிடும். 250 லிங்க்ஸ், 120 லிங்க்ஸ் என்றால் 30,000. முப்பது சென்ட். அடிக்கணக்கில் போனால் 165 பெருக்கல் 79.2, அதை 435.6ஆல் வகுக்க வேண்டும். எவ்வளவு அழகாக அந்த மனிதர் யோசித்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். பழைய உழவுப் பட்டையைப் பத்தால் வகுபடும் கணக்குக்குள் உட்கார வைத்துவிட்டார்.

லிங்க்ஸா மீட்டரா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர், மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. நீளத்தில் ஐந்து மடங்கு மாறினால் பரப்பில் இருபத்தைந்து மடங்கு மாறும்.

வயலை நீங்களே ஒருமுறை அளந்து பார்க்க விரும்பினால், எதிரெதிர் வரப்பைக் கூட்டிச் சராசரி எடுத்துப் பெருக்கும் வழியை விட்டுவிடுங்கள். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அது வயல் நேர்க்கட்டமாக இருந்தால்தான் சரி. இதைப் பாருங்கள்: எதிர் வரப்புகள் 50 மீட்டர், 50 மீட்டர். மற்ற இரண்டும் 30, 30. சராசரிக் கணக்கில் 1,500 சதுர மீட்டர், 37 சென்ட். அதே வயல் சாய்ந்திருந்து, குறுக்குவிட்டம் 40 மீட்டர்தான் என்றால்? குறுக்குவிட்டம் வயலை 30, 40, 50 என்ற இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. ஒவ்வொன்றும் 600. மொத்தம் 1,200 சதுர மீட்டர், 29.65 சென்ட். நாலு வரப்பும் அதே நீளம், ஏழு சென்ட்டுக்கு மேல் இல்லாமல் போயிற்று. சராசரிக் கணக்கு எப்போதுமே கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. விற்கிறவருக்கு அது பிடிக்கும், வாங்குகிறவருக்கு நட்டம்.

அதனால் நாலு வரப்போடு ஒரு குறுக்குவிட்டத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். புலப்படத்திலும் அப்படித்தான் இருக்கும்: மூலைக்கு மூலை ஒரு கோடு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக ஒரு அளவு. டேப்பைத் தண்ணீர் நிற்கிற வயலில் தொய்ய விடாதீர்கள். முப்பது மீட்டர் டேப் நடுவில் தொய்ந்தால் நீளம் கூடிக் காட்டும். வரப்பின் எந்த ஓரத்தில் தொடங்குகிறீர்கள் என்பதையும் ஒரே மாதிரி வையுங்கள். இரண்டடி வரப்பு நாலு பக்கமும் சேர்ந்தால் ஒரு ஏக்கர் வயலில் நாலு சென்ட் வரை போகும். 209 அடிச் சதுரத்தில் சுற்றளவு 836 அடி, இரண்டால் பெருக்கினால் 1,672 சதுர அடி, கணக்கு அங்கேயே இருக்கிறது.


பதில்: பத்திரமேசை

கோட்டையைப் பற்றி யாரும் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன்.

கோட்டை என்பது இங்கே முதலில் விதைக்கோட்டை. வைக்கோலைப் பரப்பி, விதைநெல்லை நடுவில் கொட்டி, சுற்றிலும் மடித்து, வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டி உருண்டையாக்குவார்கள். மேலே சாணி மெழுகிவிட்டால் பூச்சியும் ஈரமும் எளிதில் உள்ளே போகாது. அந்தக் கட்டின் பெயர் நெல்லளவுக்கு ஆயிற்று: திருநெல்வேலிச் சீமையில் 21 மரக்கால் ஒரு கோட்டை. பிறகு அவ்வளவு விதை பாவுகிற நிலத்துக்கு ஆயிற்று: ஒரு கோட்டை விதைப்பாடு. வயல் என்ற சொல் அங்கே உழவு நாளாகி அளவானதுபோல, இங்கே விதை மூட்டை அளவானது. அவர்கள் மாட்டின் உழைப்பால் நிலத்தை எண்ணினார்கள், நாம் விதையால் எண்ணினோம்.

உழவு நாள் மண்ணுக்கு மண் மாறியதுபோலவே விதைப்பாடும் மாறும். மரக்கால் ஊருக்கு ஊர் ஒரே கொள்ளளவாக இருந்ததில்லை. விதையைத் தெளித்தால் ஒரு கணக்கு, நாற்றுவிட்டு நட்டால் ஒரு கணக்கு. வண்டல் வயலில் நெருக்கமாகத் தெளிக்க மாட்டார்கள். அதனால் "கோட்டைக்கு இத்தனை சென்ட்" என்று எங்கிருந்தோ ஒரு எண்ணைக் கொண்டுவந்து உங்கள் பத்திரத்தில் ஒட்டுவது தப்பு. மரக்காலுக்கு 8 சென்ட் என்று போட்டால் கோட்டை 168 சென்ட். 7 என்று போட்டால் 147. இருபத்தொரு சென்ட் ஆடுகிறது.

உங்கள் பத்திரத்தில் ஒரு கோட்டை இரண்டு மரக்கால், அதாவது 23 மரக்கால். பட்டாப்படி 179.15 சென்ட். வகுத்தால் மரக்காலுக்கு 7.79 சென்ட். நம்பக்கூடிய எண்தான். பக்கத்து வயல்காரர் சொன்னது சரி. அதே மடையில் பாயும் மற்ற வயல்களின் பழைய பத்திரம் கிடைத்தால் அவற்றையும் இதேபோல வகுத்துப் பாருங்கள். எல்லாம் 7.6, 7.9 என்று ஒட்டிவந்தால் உங்கள் கணக்கு உறுதி. ஒன்று மட்டும் 5 என்றோ 11 என்றோ நின்றால் இடையில் உட்பிரிவு நடந்திருக்கலாம், அல்லது இரண்டு நம்பர் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் வகுத்துப் பார்ப்பது ஒரு சரிபார்ப்புத்தான், ஆதாரம் ஆகாது. ஆதாரத்துக்கு வழி வேறு. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் புல எண்ணும் உட்பிரிவும் மாறின, பரப்பும் ஹெக்டேருக்குப் போனது. உங்கள் 1938 பத்திரத்தில் இருப்பது அதற்கு முந்தைய நம்பர். கிராம "அ" பதிவேட்டின் நகல் வாங்கினால் புதிய எண்ணுக்கு எதிரே பழைய எண் இருக்கும். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே பழைய எண்ணுக்கு ஏக்கர், சென்ட்டில் பரப்பு இருக்கும். அந்த ஏக்கரை 0.4047ஆல் பெருக்கினால் ஹெக்டேர். அது 0.7250ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது இலக்கத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் அது மாற்றும்போது முழுமையாக்கியதால் வந்தது. ஐந்து சென்ட்டுக்கு மேல் போனால் வட்ட அளவரிடம் மனுக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

நாலு மாலையும் அலட்சியமாக விடாதீர்கள். பத்திரத்தில் பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் வலு. "வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை" என்பது இன்னும் அங்கேயே இருக்கும். மரக்கால் எங்கே போயிற்றோ.


கேள்வி: வயல்வரப்பு

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. செட்டில்மென்ட் பதிவேட்டு நகலுக்கு மனுப் போடுகிறேன். இரண்டு சின்னச் சந்தேகம். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் கல்லறைத் தோட்டத்தைக் "கடவுளின் ஏக்கர்" என்று எழுதுகிறார்களே, அதற்கும் நிலஅளவுக்கும் சம்பந்தம் உண்டா? விற்பனை ஒப்பந்தத்தில் பரப்பை எப்படி எழுதினால் இந்தக் குழப்பம் வராது?


பதில்: சொல்வேர்

அளவோடு சம்பந்தம் இல்லை. அங்கே ஏக்கர் தன் பழைய பொருளோடு, வயலாகவே இருக்கிறது. ஜெர்மனில் கல்லறைத் தோட்டத்துக்கு "காட்டெஸ் ஆக்கர்", கடவுளின் வயல் என்று பெயர். விதை மண்ணுக்குள் போய் முளைப்பதுபோல உடல் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். ஆங்கிலக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் மொழியில் அமைத்துக்கொண்டார்கள். இங்கே நம் கிறிஸ்தவர்கள் தோட்டம் என்றார்கள், அவர்கள் வயல் என்றார்கள். 1838இல் இறந்து பாளையங்கோட்டையில் அடக்கமான மிஷனரி ரேனியஸ் ஜெர்மன் பேசிய நாட்டில் பிறந்தவர். அவர் தாய்மொழியில் அது ஆக்கர்தான்.

லண்டனில் "லாங் ஏக்கர்" என்ற தெருவும் நீள்வயல்தான். லினேக்கர் என்ற குடும்பப் பெயரின் பின்பாதியும் இதுவே, ஆளிவிதை பயிரிட்ட வயல். இஸ்ரேலில் உள்ள ஏக்கர் என்ற பழைய துறைமுக நகரத்துக்கும், பிரேசிலில் அதே எழுத்தில் உள்ள மாநிலத்துக்கும் இதனோடு உறவு இல்லை. அவை வேறு மொழிகளிலிருந்து வந்த ஊர்ப்பெயர்கள்.


பதில்: பத்திரமேசை

ஒப்பந்தத்தில் "ஏர்" என்று மட்டும் விடாதீர்கள், "0.7250" என்று எண்ணை மட்டும் போடவும் வேண்டாம். அலகின் பெயரை எண்ணுக்கு முன்னால் எழுதி, எண்ணை எழுத்தாலும் எழுதி, இரண்டு முறையிலும் காட்டுங்கள். இப்படி:

"நன்செய், புல எண் ..., உட்பிரிவு ..., பரப்பு ஹெக்டேர் 0, ஏர் 72.50 (ஏர் எழுபத்திரண்டு புள்ளி ஐந்து சுழி), இதற்குச் சரியான ஏக்கர் 1, சென்ட் 79 (ஏக்கர் ஒன்று, சென்ட் எழுபத்தொன்பது). 1938ஆம் வருசத்திய மூலப் பத்திரத்தில் கண்டபடி விதைப்பாடு கோட்டை 1, மரக்கால் 2. இதற்கு நாலு மால் ..."

விதைப்பாட்டை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். விடாதீர்கள். மூலப் பத்திரத்தையும் இப்போதைய பட்டாவையும் ஒரே சொத்து என்று கட்டுகிற கயிறு அதுதான். விலையைச் சென்ட்டுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் 179 சென்ட்டுக்கா, 179.15க்கா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அளவர் அளந்தபின் கூடினாலோ குறைந்தாலோ அதே சென்ட் விலையில் நேர்செய்துகொள்வது என்று அடுத்த வரி.

ஒப்பந்தம் எழுதுமுன் வாங்குகிறவரையும் உட்கார வைத்து 72.50 பெருக்கல் 2.471 என்று அவர் கையாலேயே போட வையுங்கள்.


பதில்: சங்கிலிக்கணக்கு

ஒரு சேர்க்கை. பெருக்கும்போது 2.471 என்று முழுதாகப் போடுங்கள். இரண்டரை என்று வாய்க்கணக்கு போட்டால் 181¼ சென்ட் வரும், இரண்டு சென்ட்டுக்கு மேல் கூடிவிடும். அந்த இரண்டு சென்ட்டைத் தேடித்தான் பிறகு வரப்பில் சண்டை வருகிறது.